குடி விற்க உத்தியோகம்! குடி தடுக்க உபதேசமா?

2003-ம் வருஷம் சர்க்கார், டாஸ்மாக் மூலம் மதுக்கடைகளைத் தானே நடத்தப் புகுந்தபோது, படித்த வாலிபர்களைச் சம்பளம் கொடுத்து அவற்றில் உட்கார வைத்தது. குடியைத் தடுக்க என்ன செய்கிறது? ஜூன் 26-ந் தேதி வந்தால் மாணவர்களை வரிசையாய் நிறுத்தி ஓர் உறுதிமொழி! மற்ற நாட்களுக்குக் கோயில் கயிறும் விரதமாலையும்! மாலையைக் கழற்றிய அன்றே கடைக்கு ஓடுகிறவனைக் காணாத ஊர் உண்டா?

தோழர்களே! குடிவெறி தலையெழுத்தல்ல, வைத்தியத்துக்குட்பட்ட நோய். அதை வருமுன் தடுப்பதோ கற்றுச் செய்யவேண்டிய தொழில். ஆகவே, படிக்கும்போதே மாணவர்களை ஆஸ்பத்திரியிலும், பள்ளியிலும், கிராமத்திலும் படிகொடுத்துப் பழக்கட்டும். படிப்பு முடிந்ததும் அவ்வேலையிலேயே சம்பளத்தோடு அமர்த்தட்டும் என்கிறோம். “பணமில்லை” என்பார்களேயானால், அந்தக் கடை வரும்படியெல்லாம் எங்கே போகிறது என்று கேட்கிறோம்.