பச்சை உடம்பின் வலி வீட்டு ரகசியமா?

புருஷன் பெண்சாதி படுக்கை விஷயத்தைக் கட்சிப் பத்திரிகையில் எழுதலாமா என்று சில தோழர்கள் முகம் சுளிக்கக்கூடும். எழுதத்தான் வேண்டும் என்கிறோம் நாம். கூலி உயர்வுக்காகத் தோளோடு தோள் நின்று கோஷமிடுகிற தோழர், பிள்ளை பெற்று இரண்டு மாதம் ஆகாத மனைவியிடம் பண்ணையாரைப் போல் அதிகாரம் செய்தால், அது அவர் வீட்டு விவகாரம் மட்டும்தானா?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பிள்ளை பெற்றவளைப் ‘பச்சை உடம்புக்காரி’ என்கிறோம். சொன்ன வாய் மூடுவதற்குள் மல்லாட்டைக் கொல்லைக்குக் களையெடுக்க அனுப்புகிறோம். இரவில் அவள் விலகிப் படுத்தால் ‘திமிர்’ என்கிறோம்.

உண்மை என்ன? பிரசவத்தில் கிழிந்த இடமும், கத்தரித்துத் தையல் போட்ட இடமும் ஆறுவதற்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு உடம்பில் குறைகிறது. பிறப்புறுப்பு வறண்டு, சேரும்போது எரிகிறது, வலிக்கிறது. ஒரு முறை வலி கண்டவளுக்கு அடுத்த முறை பயத்திலேயே தசை இறுகி, வலி இரட்டிப்பாகிறது. இதில் திமிர் எங்கே இருக்கிறது? அவள் சரி என்கிற வரை காத்திருப்பது புருஷன் கடமை. மாமியார்மாரும் இதைக் கேட்கட்டும்.

வலியும் தூக்கமின்மையும் கடன் கவலையும் சேர்ந்து மனசையும் அழுத்துகின்றன. முதல் சில நாள் அழுகை தானே அடங்கிவிடும். இரண்டு வாரம் கடந்தும் அழுகையும், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்காத வெறுப்பும் நீடித்தால் அது நோய். வளரும் நாடுகளில் பிள்ளை பெற்றவர்களில் 100க்குச் சுமார் 20 பேருக்கு மனநோய், பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேப்பிலை அடித்தால் இது தீராது.

ஓய்வு கொடுங்கள் என்றால் கூலி யார் கொடுப்பது? 1961ஆம் வருஷத்து மகப்பேறு சலுகைச் சட்டம், பிரசவமான ஆறு வாரத்துக்குள் வேலை வாங்கக் கூடாது என்றது; 2017 திருத்தம் சம்பளத்தோடு 26 வாரம் தந்தது. மில்லில் பெயர் பதிந்தவளுக்கு இது உண்டு. நடவுக்காரிக்கு? வயலுக்கு அந்தச் சட்டம் வந்ததில்லை. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில், பொருளும் பணமுமாக 18,000 ரூபாய் என 2018ல் உயர்த்தப்பட்டது. அதுவும் முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும், தவணை தவணையாக. ஆறு மாதக் கூலிக்கு இது ஈடாகுமா?

ஆறு வாரத்துக்குப் பின்னும் வலித்தால் வெட்கப்படாமல் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரியிலோ முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ காட்டுங்கள். வைத்தியம் இருக்கிறது. தையலில் சீழோ, காய்ச்சலோ கண்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. மனக் கஷ்டத்துக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். சாக வேண்டும் என்றோ, பிள்ளையை ஏதாவது செய்துவிடுவோம் என்றோ தோன்றினால், அவளைத் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

ஆனால் கிராமத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால் ஒரு நாள் கூலி போகிறது. நெரிசலில், ஆண்கள் காது கேட்க இந்த வலியை எவள் சொல்வாள்? ஆகவே, விவசாயத் தொழிலாளர் சங்கமும் மாதர் சங்கமும் அடுத்து எழுதும் மனுவில், கூலிக்கும் குடிமனைக்கும் பக்கத்திலேயே இதையும் எழுத வேண்டும்: ஆறாவது வாரப் பரிசோதனை, தனி அறையில், பெண் டாக்டர், அன்றைய கூலியோடு.