எந்த டயர் நல்ல டயர்?



திருவொற்றியூரிலிருந்து எண்ணூருக்குச் செல்லும் சாலையின் ஓரத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், பேருந்துகள், மோட்டார் சைக்கிள்கள் என்று எத்தனை சக்கரங்கள் உங்களைக் கடந்து போகின்றன! சக்கரத்துக்கும் இந்த வட்டாரத்துக்கும் பழைய உறவு உண்டு. 1946இல் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் பொம்மை பலூன்கள் செய்யத் தொடங்கினார். 1952இல் தேய்ந்த டயரின் மேல் ஒட்டும் ரப்பரையும், 1961இல் டயரையும் அவரது நிறுவனம் செய்தது. அதுதான் எம்.ஆர்.எஃப். என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளும் அசோக் லேலண்டு லாரியும் இதே வட்டாரத்துப் பிள்ளைகள்தாம். சற்று வடமேற்கே சோழவரத்தில் உலகப் போர்க் கால விமான ஓடுபாதை ஒன்று உண்டு. போருக்குப் பின் பல ஆண்டுகள் அங்கே கார்ப் பந்தயங்கள் நடந்தன. 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடமே வந்துவிட்டது.

இந்தப் பகுதி மாணவர் ஒருவர் அண்மையில் என்னை ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, ஸ்போர்ட்ஸ் காரை டிராக் டேக்குக் கொண்டு போவதென்றால் உலகத்திலேயே சிறந்த டயர் எது?"

டிராக் டே என்பது போட்டி அன்று. கார் வைத்திருப்பவர்கள் கட்டணம் செலுத்தி, பந்தயத் தடத்தில் தங்கள் சொந்தக் காரை ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பது. நான் சொன்ன பதில் அந்த மாணவருக்குப் பிடிக்கவில்லை. முதன்முறை போகிறவருக்குப் பந்தய டயர் வேண்டாம்; நல்ல நிலையில் உள்ள சாலை டயரே சிறந்தது என்றேன். ஏன் என்பதை உங்களுக்கும் சொல்கிறேன். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

நான்கு அஞ்சலட்டைகள்

ஒரு காரின் எடை 1200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் 300 கிலோ. டயரில் உள்ள காற்றழுத்தம் சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 2 கிலோ. அப்படியானால் ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு எவ்வளவு? 300ஐ 2ஆல் வகுத்தால் 150 சதுர செ.மீ. ஓர் அஞ்சலட்டையைவிடச் சிறிது பெரியது, அவ்வளவுதான்! வேகம் எடுப்பதும், திரும்புவதும், நிற்பதும் இந்த நான்கு அஞ்சலட்டைகளின் தயவில்தான்.

உராய்வு தொடும் பரப்பைப் பொறுத்ததன்று என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ரப்பர் அந்த விதிக்கு முழுவதும் அடங்குவதில்லை. அது சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் புகுந்து, அவற்றின் வடிவை ஏற்று, கற்களைக் கவ்விக்கொள்கிறது. ரப்பர் மென்மையாக இருந்தால் நன்றாகக் கவ்வும். ஆனால் விரைவில் தேயும். கடினமாக இருந்தால் நெடுநாள் உழைக்கும். ஆனால் பிடிப்புக் குறையும். எண்ணூர் லாரிக்காரர் உழைப்பைக் கேட்கிறார், பந்தய வீரர் பிடிப்பைக் கேட்கிறார். இரண்டையும் முழுமையாகத் தரும் டயரை இதுவரை யாரும் செய்ததில்லை.

பந்தயத்துக்கான 'ஸ்லிக்' டயரில் பட்டன்களும் இல்லை, வரிப்பள்ளங்களும் இல்லை. பரப்பு முழுவதும் தரையைத் தொட வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. நம் தெருவில் தேய்ந்து மொட்டையான டயர் ஸ்லிக் ஆகாது! ஸ்லிக்கில் புதிய மென்மையான ரப்பர் இருக்கிறது. மொட்டை டயரில் மிச்சம் இருப்பது ஆபத்து மட்டுமே.

ஒரு வளைவு, நான்கு விடைகள்

50 மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவில் ஒரு கார் திரும்புகிறது. சறுக்காமல் திரும்பக்கூடிய மிகக் கூடுதலான வேகம் என்ன? உராய்வுக் குணகம், புவியீர்ப்பு முடுக்கம், ஆரம் இம்மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் காணுங்கள்.

காய்ந்த தரையில் நல்ல சாலை டயரின் குணகத்தை 0.9 என்று கொள்வோம். 0.9, 9.8, 50 மூன்றையும் பெருக்கினால் 441. அதன் வர்க்கமூலம் 21. அதாவது நொடிக்கு 21 மீட்டர், மணிக்கு சுமார் 76 கி.மீ. சூடேறிய ஸ்லிக்குக்கு 1.4 என்று கொண்டால் மணிக்கு 94 கி.மீ. வருகிறது. "பார்த்தீர்களா, ஸ்லிக்தான் சிறந்தது!" என்பீர்கள்.

பொறுங்கள். மழை வந்துவிட்டது. ஈரத்தில் வரிப்பள்ளமுள்ள சாலை டயருக்கு 0.5 என்று கொண்டால் மணிக்கு 56 கி.மீ. பள்ளமில்லாத ஸ்லிக்கின் அடியில் தண்ணீர் தேங்கினால் வெளியேற வழியில்லை. டயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்குகிறது. குணகம் 0.1க்கு இறங்கினால் பெருக்குத்தொகை 49, வர்க்கமூலம் 7. நொடிக்கு 7 மீட்டர் என்றால் மணிக்கு 25 கி.மீ.! சற்று முன் வீரனாக இருந்த டயர் இப்போது சைக்கிளுக்குத் தோற்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னை மழை நம்மிடம் சொல்லிவிட்டா வருகிறது?

சூடும் காற்றும்

ஸ்லிக்குக்கு இன்னொரு குணம் உண்டு. அது சூடேறினால்தான் கவ்வும். பந்தய அணிகள் இதற்காகவே டயருக்கு மின்கம்பளி போர்த்திச் சூடேற்றுவது உண்டு. பழகாத கையோ தயங்கித் தயங்கி ஓட்டும். டயர் போதிய சூட்டை எட்டாது. விலை கொடுத்து வாங்கிய பிடிப்பு கிடைக்காமலே போகும்.

சூட்டினால் வரும் வேறொரு மாற்றம் எல்லா டயருக்கும் பொதுவானது. காலையில் 30 டிகிரி வெப்பத்தில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு காற்று அடிக்கிறோம். சில சுற்றுகளில் உள்ளே உள்ள காற்று 80 டிகிரியை எட்டுகிறது. வாயு விதிப்படி கணக்கிடுங்கள். வெளிக்காற்றின் அழுத்தம் 15 பவுண்டையும் சேர்க்க மறவாதீர்கள். 45ஐ 353ஆல் பெருக்கி 303ஆல் வகுத்து, 15ஐக் கழித்தால் ஏறக்குறைய 37 பவுண்டு. டயரின் நடுப்பகுதி புடைத்து, அஞ்சலட்டை சுருங்குகிறது, பிடிப்புக் குறைகிறது. ஆகவே தடத்தில் அனுபவமுள்ளவர்கள் சூடான நிலையில் அழுத்தத்தை அளந்து, அளவாகக் காற்றை இறக்குவார்கள். வீடு திரும்புமுன், டயர் ஆறியதும் மறுபடி நிரப்புவார்கள். மறந்தால், காற்றுக் குறைந்த டயரோடு நெடுஞ்சாலையில் ஏறியவர் ஆவார். விலையுயர்ந்த டயரைவிட ஒரு சிறிய அழுத்தமானி கூடுதல் பயன் தரும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பிடிப்பு கூடினால் பாதுகாப்பு கூடாதா?

இது நியாயமான கேள்வி. அதே வேகத்தில் ஓட்டினால் கூடும். ஆனால் மனிதன் அதே வேகத்தில் ஓட்டுவதில்லை. சாலை டயர் 76இல் கீச்சிட்டு, மெல்லச் சறுக்கி, "போதும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடும். ஸ்லிக் 94 வரை பெரும்பாலும் வாய் திறக்காது. விட்டால் சட்டென்று விடும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது அல்லவா? 76க்கும் 94க்கும் இடையே ஆற்றல் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. கற்றுக்கொள்பவர் பிழை செய்வார், அது இயல்பு. குறைந்த வேகத்தில் பிழை செய்ய விடுவதே நல்ல ஆசிரியரின் வேலை. சாலை டயர் அப்படிப்பட்ட ஆசிரியர்.

சாலை டயருக்கும் குறை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. அதன் பட்டன்கள் வளைவுகளில் நெளிந்து விரைவில் அதிகச் சூடேறும். சில சுற்று ஓட்டினால் நிறுத்தி ஆறவிட வேண்டும். பலமுறை போய்ப் பழகியவர், குறைந்த பள்ளங்களுடைய 'செமி ஸ்லிக்' டயருக்கு மாறலாம். உண்மையான பந்தயத்துக்கு, காய்ந்த தடத்தில், ஸ்லிக்தான் சரி. அதில் எனக்கு மறுப்பு இல்லை.

வல்லுநர்களே ஏமாந்த கதையும் உண்டு. 2005 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் ஃபார்முலா ஒன் பந்தயம். அங்கே சரிவாக அமைந்த ஒரு வேக வளைவின் பளுவை மிஷலின் டயர்கள் தாங்கவில்லை என்று பயிற்சியின்போதே தெரிந்தது. வந்த 20 கார்களில் அந்த டயர் பூட்டிய 14 கார்கள் முன்னோட்டச் சுற்றோடு விலகிக்கொண்டன. ஆறே கார்கள் பந்தயத்தில் ஓடின. மற்ற தடங்களில் வென்ற அதே டயர் ஒரு வளைவுக்குப் பொருந்தவில்லை. வெற்றியைவிட உயிர் பெரிது என்று விலகியவர்களை நான் பாராட்டுவேன்.

நீங்கள் இன்னும் கார் ஓட்டும் வயதை அடையவில்லை. ஆயினும் இதை உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. இரவு நேரத்தில் பொதுச் சாலையில் மோட்டார் சைக்கிள் பந்தயம் விடும் அண்ணன்களை நீங்கள் அறிவீர்கள். "நல்ல டயர் போட்டிருக்கிறேன், பயமில்லை" என்பார்கள். வளைவின் மறுபுறம் கன்டெய்னர் லாரி நிற்கிறதா, தரையில் எண்ணெய் சிந்தியிருக்கிறதா என்பது எந்த டயருக்கும் தெரியாது. வேகத்துக்கு ஒதுக்கிய தடத்தில் எதிரே வண்டி வராது. உதவிக்கு ஆம்புலன்ஸ் நிற்கும். சாலையில் அந்த இரண்டும் இல்லை.

இன்று மாலை வீட்டு வண்டியின் டயரைக் குனிந்து பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பள்ளங்களுக்குள் சிறு மேடு தெரியும். ரப்பர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயரை மாற்ற வேண்டும். அப்பாவிடமோ அண்ணனிடமோ சொல்லுங்கள். "எது சிறந்த டயர்?" என்று யாராவது கேட்டால், "எந்தத் தரையில், எந்தப் பருவத்தில், யார் ஓட்ட?" என்று திருப்பிக் கேளுங்கள்.