கேட்பதில் தவறில்லை



என்னிடம் படித்து, இப்பொழுது படிவம் இரண்டில் பயிலும் மாணவி ஒருத்தியின் தாயார் சென்ற வாரம் என்னைக் காண வந்திருந்தார். மகளின் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை தேவை என்று கூறிவிட்டனராம். "டீச்சர், டாக்டர் ரொம்பச் சின்ன வயசா இருக்காரு. இதுவரைக்கும் எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கீங்கன்னு கேட்கலாமா? கோவிச்சுக்குவாரா?" என்றார் தயக்கத்தோடு. அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

ஸ்கோலியோசிஸ் எனப்படும் இவ்வளைவு, பிள்ளைகள் விரைந்து உயரும் பருவத்தில், பெரும்பாலும் காரணம் அறியப்படாமலேயே தோன்றுகிறது. நூற்றில் இரண்டு மூன்று பிள்ளைகளிடம் காணப்படும். அது முற்றிப் பெரிதாவது பெண்பிள்ளைகளிடமே மிகுதி. புத்தகப் பையின் சுமையால் வருவதன்று. எக்ஸ்ரே படத்தில் அளக்கப்படும் வளைவு 45 அல்லது 50 பாகையைக் கடந்தால் மருத்துவர்கள் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசுவர். முள்ளெலும்புகளில் திருகாணிகளைப் பொருத்தி, உலோகத் தண்டுகளால் நிமிர்த்தி, அவ்வெலும்புகள் ஒன்றாக இணையச் செய்வதே அச்சிகிச்சை. திருகாணி செல்லும் வழிக்கு மிக அருகில் தண்டுவடம் இருக்கிறது. அங்கே கைப்பழக்கம் பொருட்டில்லாமல் போகுமா?

2014-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வொன்று, ஐந்தாண்டுக்கும் குறைவான அனுபவமுடைய அறுவை மருத்துவர்களை மூத்தவர்களோடு ஒப்பிட்டது. இளையவர்களின் அறுவை கூடுதல் நேரம் பிடித்தது. இரத்த இழப்பும் அதிகமாக இருந்தது. ஆகவே அத்தாயாரின் அச்சம் வெறும் அச்சமன்று.

ஆயினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. எல்லாரும் மூத்தவரையே நாடினால், நாளைய மூத்தவர் எங்கிருந்து வருவார்? ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றபோது நானும் பயிற்றுப்பணிக்குச் சென்றேன். பின்னம் கற்பிக்கையில் தடுமாறி நின்றேன். வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்திருந்த வழிகாட்டி ஆசிரியை எழுந்து வந்து பாடத்தைத் தொடர்ந்தார். அன்று அந்த நாற்காலி காலியாக இருந்திருந்தால், இழப்பு எனக்கன்று. என் முன்னே இருந்த பிள்ளைகளுக்கே.

இளையவர் கற்கட்டும், ஆனால் அருகில் மூத்தவர் நிற்கட்டும். இதுவே என் கருத்து. நம் நாட்டில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தினர், அனுபவமிக்க இருவர் இணைந்து ஒரே அறுவையைச் செய்யும் முறையைப் பற்றி ஆய்வுகள் வெளியிட்டுள்ளனர். திறமையுள்ளவர்களே துணை தேடும்போது, துணை கேட்பது யாருக்கும் இழிவாகாது.

எனவே பெற்றோரே, பணிவோடு கேளுங்கள். ஆண்டுக்கு எத்தனை அறுவைகள் செய்கிறீர்கள்? மூத்த மருத்துவர் உடனிருப்பாரா? அறுவையின்போது நரம்புகளைக் கண்காணிக்கும் கருவி உண்டா? சிக்கல் நேர்ந்தால் என்ன செய்வீர்கள்?

ஆசிரியர்களுக்கும் கடமை உண்டு. ஒரு மாணவியின் தோள்கள் ஏற்றத்தாழ்வாக இருந்தாலோ, உடற்கல்வி வேளையில் குனியும்போது முதுகின் ஒரு பக்கம் புடைத்துத் தெரிந்தாலோ, பெற்றோரிடம் தனியே சொல்லுங்கள். வளர்ச்சி முடியுமுன் கண்டுகொண்டால், முதுகுக் கவசம் அணிந்தே பலர் அறுவையைத் தவிர்க்கலாம்.

நேற்று அத்தாயார் தொலைபேசியில் அழைத்தார். கேட்டாராம். மருத்துவர் கோபிக்கவில்லை, தம் மூத்தவரும் அறுவைக் கூடத்தில் இருப்பார் என்றாராம். அம்மாணவி நலமுடன் நிமிர்ந்து வர வேண்டுகிறேன்.

சிந்திப்போம்.