எலிக்குப் பன்னிரண்டு நாள், நமக்கு ஒன்பது வாரம்

மூங்கில்துறைப்பட்டு என்றால் கூட்டுறவு சர்க்கரை ஆலை; சுற்றிலும் கரும்பு. கரும்பு இருக்கும் இடத்தில் எலிக்குப் பஞ்சமில்லை. ‘இதுங்க எப்படித்தான் இப்படிப் பெருகுதோ!’ என்று விவசாயி திட்டும்போது, அவருக்கே தெரியாமல் நல்ல அறிவியல் கேள்வி ஒன்றைக் கேட்டுவிடுகிறார்.

வயல் எலி வேறு இனம், ஆய்வுக்கூட வெள்ளை எலி வேறு இனம். விஞ்ஞானிகள் அதிகம் அலசியது வெள்ளை எலியைத்தான். அதன் கர்ப்பம் 21, 22 நாளில் முடிந்துவிடும். ஆனால் அந்த மூன்று வாரத்துக்குள் சினைப்பையை வேலை வாங்க மூன்று பேர் மாறி மாறி வருகிறார்கள்.

முட்டை வெளியேறிய இடத்தில் ‘கார்ப்பஸ் லூட்டியம்’ என்ற சிறு சதை உருவாகும். கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்டிரோனைச் சுரப்பது இதுதான். இணை சேராவிட்டால் எலியில் இது சரியாக வேலை செய்யாமலே ஓய்ந்துவிடும். நாலைந்து நாளில் அடுத்த சுழற்சி தொடங்கும். இணை சேர்ந்தாலோ அந்தத் தூண்டுதல் மூளைக்குப் போய், பிட்யூட்டரி சுரப்பி நாளுக்கு இரண்டு முறை புரோலாக்டினைக் கொட்டும். மலட்டு ஆண் எலியுடன் சேர்ந்தாலும் இதே கதைதான். வயிற்றில் ஒன்றுமே இல்லாமல் பன்னிரண்டு நாள் போல ‘பொய்க் கர்ப்பம்’!

அடுத்த கட்டத்தைத் தெளிவாக்கியதில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மத்வராஜும் மௌட்கலும் சினை எலிகளுக்கு எல்.எச். ஹார்மோனை முடக்கும் எதிர்ப்புரதத்தை ஊசியாகப் போட்டார்கள். எட்டாம் நாளிலிருந்து பதினொன்றாம் நாளுக்குள் போட்டால் கர்ப்பம் கலைந்தது. கூடவே புரோஜெஸ்டிரோன் கொடுத்தால் தப்பியது. பன்னிரண்டாம் நாளுக்குப் பிறகு போட்டால் எதுவும் ஆகவில்லை. அதற்குள் நச்சுக்கொடி பொறுப்பேற்றுவிடுகிறது. 1970-ல் வெளியான ஆய்வு இது.

பெண்களுக்கும் இப்படி ஒரு கைமாற்றம் உண்டு. ஆனால் ஆள் வேறு. கருவைச் சூழ்ந்த செல்களே எச்.சி.ஜி. சுரந்து, ‘ஓய்ந்துவிடாதே’ என்று கார்ப்பஸ் லூட்டியத்துக்குச் சொல்லும். மெடிக்கலில் வாங்கும் கிட்டில் இரண்டு கோடு காட்டுவது அந்த எச்.சி.ஜி.தான். ஏறக்குறைய ஏழிலிருந்து ஒன்பது வாரத்துக்குள் நச்சுக்கொடி பொறுப்பை வாங்கிக்கொள்ளும்.

கர்ப்பத்தின் தொடக்கத்தில் சிலருக்கு டாக்டர் புரோஜெஸ்டிரோன் எழுதுவதன் பின்னணி இதுதான். அப்படியானால் எல்லாருக்கும் கொடுத்துவிடலாமே? இங்கிலாந்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்து 2019-ல் வெளியிட்ட ஆய்வு, அப்படிச் சொல்லவில்லை. ஆரம்பத்தில் ரத்தக்கசிவு கண்ட எல்லாரையும் சேர்த்துப் பார்த்தபோது பெரிய வித்தியாசம் இல்லை. முன்பே கரு கலைந்து, இப்போதும் கசிவு இருந்தவர்களிடம்தான் பலன் தெரிந்தது. ஆகவே பக்கத்து வீட்டுப் பெண்ணின் சீட்டைக் காட்டி வாங்கிப் போடுவது வேண்டாம்.

ஹார்மோன் மருந்தால் கருப்பையைத் தயார் செய்து, உறைய வைத்த கருவை வைத்துக்கொண்டவர்கள் விஷயம் நேர் எதிர். அவர்கள் உடலில் அந்த மாதம் கார்ப்பஸ் லூட்டியமே உருவாகியிருக்காது. நச்சுக்கொடி கைகொடுக்கும் வரை வெளியிலிருந்து போகும் புரோஜெஸ்டிரோன்தான் ஒரே ஆதாரம். ஊசி வலிக்கிறது என்று ஒருநாள்கூடத் தாங்களாக நிறுத்தக் கூடாது.