கட்டியைக் காட்டும் கதிர் யாருக்குச் சொந்தம்?

குடலிலும் கணையத்திலும் ஒளிந்து வளரும் ஒருவகைப் புற்றுக் கட்டி உண்டு. நியூரோ எண்டோகிரைன் கட்டி என்று டாக்டர்கள் சொல்லுவார்கள். வயிற்றுப்போக்கு, முகச் சிவப்பு என்று வேறு வியாதியின் வேஷத்தில் வருஷக்கணக்கில் ஏமாற்றக்கூடியது. இதைக் காட்டிக் கொடுக்கும் வழியை வகுத்ததில் முதலிடம் ஹாலந்தின் ராட்டர்டாம் நகரிலுள்ள பல்கலைக் கழக ஆஸ்பத்திரிக்கு உரியது.

வழி இதுதான். நம் உடம்பில் சோமாட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. 14 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி அது. இத்தகைய சங்கிலிக்குப் பெப்டைடு என்று பெயர். இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றின் உயிரணுக்கள் மீது அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் மண்டிக் கிடக்கின்றன. ஏற்பி பூட்டு, பெப்டைடு சாவி. ஆனால் இயற்கைச் சாவி ரத்தத்தில் சில நிமிஷங்களில் சிதைந்துவிடும். ஆகவே 8 அமினோ அமிலங்களைக் கொண்டு ஆக்ட்ரியோடைடு என்ற உறுதியான சாவியைச் செய்தார்கள். அதில் கதிரியக்க அணு ஒன்றைக் கட்டி ஊசி போட்டால், அது கட்டியைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறது. வெளியிலிருக்கும் காமிரா அந்த இடத்தைப் படம் பிடிக்கிறது. 1989-ல் டாக்டர் கிரென்னிங்கும் சகாக்களும் அயோடின்-123 கொண்டு இதைச் செய்து காட்டினர். பிறகு இண்டியம்-111 வந்தது. 1993-க்குள் ஆயிரம் நோயாளிகளுக்கு மேல் படமெடுத்து, கண்டதை உலகறியப் பிரசுரித்தனர்.

காட்டிக் கொடுத்த சாவியின் இனத்தைச் சேர்ந்த இன்னொன்றில் லுட்டீஷியம்-177 ஏற்றினால், அது கட்டியை அழிக்கும் ஆயுதமாகிறது. ராட்டர்டாமில் 2000 முதல் இந்த வைத்தியம் நடந்தது. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் தயாரித்தபோது ஓர் ஊசிக்கு ஆன செலவு சுமார் 4,000 யூரோ.

அப்புறம் வந்தது வியாபாரம். இந்த மருந்தைக் கையில் வைத்திருந்த கம்பெனியை 2018-ல் நோவார்ட்டிஸ் 390 கோடி டாலருக்கு விலைக்கு வாங்கியது. ஹாலந்தில் ஊசியின் விலை 23,000 யூரோ ஆயிற்று! நாலு ஊசிக்கு 16,000 யூரோ ஆன இடத்தில் 92,000.

கம்பெனிக்கு இதில் பங்கே கிடையாதா? உண்டு; மறைப்பானேன்? ஆக்ட்ரியோடைடைச் செய்தது சாண்டோஸ். அது 1996-ல் நோவார்ட்டிஸில் கலந்தது. 229 நோயாளிகளிடம் முறையான சோதனை நடத்தி அனுமதி பெற்றதும் விலைக்கு வாங்கப்பட்ட அந்தக் கம்பெனிதான். அதற்கும் பணம் பிடித்திருக்கும். ஆனால் ஏறத்தாழ ஆறு மடங்கு விலைக்கு இது நியாயமாகுமா? இந்த மருந்து பலிக்கும் என்று முதலில் காட்டியது பொது ஆஸ்பத்திரி. அதற்குத் தங்கள் உடம்பைக் கொடுத்தவர்கள் அங்கே வந்த நோயாளிகள். அவர்கள் என்ன பங்குதாரர்களா? 390 கோடி டாலரை மீட்கிற கணக்கை அவர்கள் தலையில் ஏன் கட்ட வேண்டும்?

ஆஸ்பத்திரி மருந்தாளர் தம் நோயாளிக்கெனத் தாமே மருந்து தயாரிக்கும் பழைய உரிமை ஹாலந்தில் இன்னும் இருக்கிறது. 2018-ல் அந்நாட்டுச் சுகாதார மந்திரியே அதை ஆதரித்துப் பேசினார். அந்த உரிமையில் எந்தக் கம்பெனியும் கை வைக்கக் கூடாது என்பதே நமது அபிப்பிராயம்.