ஓடுற குழந்தைக்கு எந்த லென்ஸ்? என் ஓட்டு 35-க்கு!

நம் போட்டோகிராஃபி கிளப் வாட்ஸ்அப் குரூப்பில் ரெண்டு வாரமாக ஒரே சண்டை. இருக்கிற காசுக்கு இந்த வருஷம் ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும். 70-300 ஜூம் வாங்கலாம் என்பது பெரும்பான்மை. சிம்போசியம் மேடைக்கு ஆகும், ஸ்போர்ட்ஸ் டேக்கு ஆகும், ஏலகிரி போனால் பறவைக்கும் ஆகும் என்கிறார்கள். என் ஓட்டு 35 எம்.எம். பிரைம் லென்ஸுக்கு. பிரைம் என்றால் ஜூம் ஆகாத, ஒரே குவியத்தூரம் உள்ள லென்ஸ். "ஜூமே ஆகாத லென்ஸுக்கா காசு கொடுக்கணும்?" என்று கேட்பீர்கள். அதற்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

கிளப்பில் இல்லாதவர்களும் படிக்கலாம். உங்க வீட்டில் அக்கா குழந்தையோ அண்ணன் குழந்தையோ நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால், இது உங்களுக்கும்தான்.

போன வருஷம் என்.எஸ்.எஸ். முகாமுக்கு ஆம்பூர் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். அங்கே நிறைய அம்மாக்கள் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்கள். காலையில் கம்பெனி பஸ் வரும்போது குழந்தை பாதித் தூக்கத்தில் இருக்கும். சாயங்காலம் வீடு திரும்பும்போது இருட்டியிருக்கும். குழந்தை பகலில் எப்படி ஓடுகிறது, யாரோடு சண்டை போடுகிறது, எந்தப் பாட்டுக்கு ஆடுகிறது என்பதெல்லாம் அங்கன்வாடி டீச்சரும் பாட்டியும் சொல்லித்தான் அவர்களுக்குத் தெரியும். ஒரு அக்கா எங்களிடம் கேட்டார்: "தம்பி, எம்பொண்ணு அங்கன்வாடில விளையாடுறத ஒரு போட்டோ புடிச்சுக் குடுங்களேன். நான் ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் பாக்குறேன்."

எங்களிடம் இருந்தது 18-55 கிட் லென்ஸும், சீனியரிடம் கடன் வாங்கிய 55-200 ஜூமும். ரெண்டு நாளில் 300 படத்துக்கு மேல் எடுத்தோம். ராத்திரி லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் சுவர் தெளிவு, சுவரில் ஒட்டிய அ, ஆ சார்ட் தெளிவு, தரையில் கிடந்த பந்து தெளிவு. குழந்தைகள் மட்டும் ஈரச் சுண்ணாம்பில் கை இழுத்த மாதிரி இருந்தார்கள். அந்தப் பொண்ணு தூங்கிக்கொண்டிருந்த ஒரே ஒரு படம் நன்றாக வந்திருந்தது. அதை பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம். அந்த அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு, "தூங்குறத நான் தினம் பாக்குறேனேப்பா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இது ஒரு கிராமத்தோடு முடிகிற விஷயம் இல்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று 2019 வரை ஒரே மாவட்டமாக இருந்து, பிறகு மூன்றாகப் பிரிந்த இந்தப் பகுதி முழுக்கத் தோலும் ஷூவும்தான் பிழைப்பு. ஷூ தைக்கிற பிரிவுகளில் பெண்கள்தான் அதிகம். 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பக அறை வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48-வது பிரிவே எழுதி வைத்தது. ஆனால் நாங்கள் பார்த்த குழந்தைகள் இருந்தது பாட்டியிடமும் அங்கன்வாடியிலும்தான். ஆக, நாம் படம் எடுக்க வேண்டிய இடம் மைதானம் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, ஒரு டியூப்லைட், வெயிலுக்குப் பயந்து பாதி சாத்திய ஜன்னல். லென்ஸ் வாங்கும்போது இந்த அறையை மனதில் வையுங்கள்.

சரி, நாம இன்ஜினியரிங் படிக்கிறோம். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

அப்படிப்பட்ட அறையில் வெளிச்சம் 100 லக்ஸ் என்று வையுங்கள். ஐ.எஸ்.ஓ. 1600. எங்கள் கிட் லென்ஸில் 35 எம்.எம்.முக்குப் போனால் அப்பர்ச்சர் எஃப் 4.5-க்கு மேல் திறக்காது. கிடைக்கும் ஷட்டர் வேகம் ஏறக்குறைய 1/30 நொடி. குழந்தை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் குறுக்கே ஓடுகிறது என்றால், அந்த 1/30 நொடிக்குள் கிட்டத்தட்ட 7 செ.மீ. நகர்ந்துவிடும். 2 மீட்டர் தள்ளி நின்று எடுத்து 4×6 சைஸ் பிரிண்ட் போட்டால், அது 7 மி.மீ.க்கு மேல் இழுவையாகத் தெரியும். அந்த பிரிண்டில் குழந்தையின் முகமே 2 செ.மீ.தான் இருக்கும். முகம் எப்படி மிஞ்சும்?

இதே இடத்தில் 35 எம்.எம். எஃப் 1.8 லென்ஸைப் போட்டு எஃப் 2-இல் வைத்தால் 5 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஷட்டர் 1/160-க்குப் போகும். ஐ.எஸ்.ஓ.வை 3200 ஆக்கினால் 1/320. அதே ஓட்டத்தில் குழந்தை நகர்வது 6 மி.மீ. சொச்சம். பிரிண்டில் 1 மி.மீ.கூட வராது. கொஞ்சம் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும்தான். ஆனால் நாய்ஸ் வந்த முகத்தை அம்மாவுக்கு அடையாளம் தெரியும், இழுபட்ட முகத்தைத் தெரியாது. ஐ.எஸ்.ஓ. ஏற்றப் பயப்படாதீர்கள்.

"கிட் லென்ஸில்தான் ஸ்டெபிலைசேஷன் இருக்கே?" நாங்களும் அதை நம்பித்தான் ஏமாந்தோம். அது உங்கள் கை நடுக்கத்தைச் சரிசெய்யும், அவ்வளவுதான். எதிரே ஓடுகிறவரின் ஓட்டத்தை அது ஒன்றும் பண்ணாது. அதனால்தான் சுவர் அவ்வளவு தெளிவாக வந்தது!

அடுத்த கேள்வி: எல்லோரும் சொல்கிற 50 எம்.எம். எஃப் 1.8 ஏன் கூடாது? லென்ஸ் நல்ல லென்ஸ்தான். பிரச்சினை நம் கேமராவும் அந்த அறையும். நம்மிடம் இருப்பவை ஏபிஎஸ்-சி சென்சார் கேமராக்கள். அதில் 50 எம்.எம். போட்டு 2 மீட்டர் தள்ளி நின்றால், கேமராவை நிமிர்த்திப் பிடித்தாலும் சுமார் 94 செ.மீ. உயரம்தான் ஃபிரேமுக்குள் வரும். 4 வயதுக் குழந்தை ஏறக்குறைய 1 மீட்டர் உயரம். தலை இருந்தால் கால் இருக்காது. பின்னால் நகரலாம் என்றால் முதுகில் சுவர் இடிக்கும். 35 எம்.எம்.மில் அதே இடத்திலிருந்து சுமார் 1.34 மீட்டர் கிடைக்கும். குழந்தை முழுசாக வரும், தூக்கிய கையும் வரும், மூலையில் பாட்டியும் வருவார். ஹென்றி கார்த்தியே-ப்ரெஸோன் வாழ்நாளில் பெரும்பாலும் 50 எம்.எம். லென்ஸைத்தான் பயன்படுத்தினார் என்பார்கள். அது முழு ஃபிலிம் ஃபிரேமில். நம் கேமராவில் ஏறக்குறைய அதே காட்சி அகலத்தைக் கொடுப்பது 35 எம்.எம்.தான்.

குரூப்பில் கேட்கிற 70-300-ஐ அந்த அறைக்குள் கொண்டுபோனால் என்ன ஆகும்? குறைந்தபட்சமான 70-லேயே 2 மீட்டரில் 67 செ.மீ.தான் தெரியும். அப்பர்ச்சரும் கிட் லென்ஸ் அளவுக்குத்தான் திறக்கும். மைதானத்தில், நல்ல வெயிலில் அது அருமையான லென்ஸ். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மேடைக்கும் ஸ்போர்ட்ஸ் டேக்கும் வருஷத்தில் சில நாள் யாரிடமாவது கடன் வாங்கிக்கொள்ளலாம்.

35 வாங்கிவிட்டால் எல்லாம் தானாக வந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். எஃப் 2-இல் 2 மீட்டரில் தெளிவாக இருக்கும் பகுதி முன்பின் சேர்த்து 25 செ.மீ. இன்னும் நெருங்கி 1.5 மீட்டருக்கு வந்தால் 14 செ.மீ.தான். குழந்தை உங்களை நோக்கி ஓடி வந்தால் அந்த 14 செ.மீ.யைக் கடக்க 0.07 நொடி போதும். அதனால் ஃபோகஸை ஒருமுறை பூட்டிவிட்டு எடுக்கும் முறை வேலைக்கு ஆகாது. நிக்கானில் ஏ.எஃப்.-சி, கேனானில் ஏ.ஐ. சர்வோ என்று இருக்கும் தொடர் ஃபோகஸில் வையுங்கள். தொடர்ந்து நாலைந்து படம் எடுங்கள். வெளிச்சம் தாராளமாக இருந்தால் எஃப் 2.8-க்குப் போங்கள், தெளிவுப் பகுதி கூடும்.

இன்னொரு விஷயம். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் டியூப்லைட் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். 1/100-ஐ விட வேகமான ஷட்டரில் அடுத்தடுத்த படங்கள் ஒன்று பளிச்சென்றும் ஒன்று மங்கலாகவும் வரலாம். கேமரா ரிப்பேர் என்று பதறாதீர்கள். நாலைந்து எடுத்தால் ஒன்று சரியாக இருக்கும்.

"ஃபிளாஷ் போட்டா முடிஞ்சது" என்பார் ஒருவர். நேராக அடித்தால் முகம் வெளுத்துப் பின்னால் இருட்டாகும், குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு அழும். மேலே திருப்பி அடித்து வெளிச்சத்தை இறக்கலாம் என்றால், வெள்ளைக் கூரை வேண்டும். அங்கே பல வீடுகளில் புகை படிந்த ஷீட் கூரை. "போன் போதாதா?" என்பார் இன்னொருவர். வாசலில், பகலில் தாராளமாகப் போதும். அறைக்குள் ஓட்டம் என்றால் போனும் நம் கிட் லென்ஸ் மாதிரியே திணறும்.

அதனால் காசு செலவழிக்கும் முன் இலவசமாகச் செய்யக்கூடிய ரெண்டு விஷயத்தைச் செய்யுங்கள். ஒன்று, விளையாட்டை வாசல் பக்கம் இழுத்துவாருங்கள். வாசலில் வெளிச்சம் அறையின் உள்மூலையைவிடப் பல மடங்கு. அங்கே கிட் லென்ஸே ஓரளவு பிடிக்கும். ரெண்டு, தரையில் உட்காருங்கள். நின்றுகொண்டு எடுத்தால் குழந்தையின் உச்சந்தலைதான் வரும். இது ரெண்டையும் செய்தும் போதவில்லை என்றால் 35 வாங்குங்கள்.

சொந்தமாக வாங்குகிறவர்களுக்கு: நிக்கான் டி3500, டி5600 மாதிரி கேமராவுக்கு 2009-இல் வந்த ஏ.எஃப்.-எஸ் டி.எக்ஸ் 35 எம்.எம். எஃப் 1.8ஜி பொருந்தும். செகண்ட் ஹேண்டில் "ஏ.எஃப். 50 எம்.எம். எஃப் 1.8டி" என்று மலிவாக வந்தால் உஷார். இந்த கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, அந்த லென்ஸுக்குள்ளும் கிடையாது. கையால்தான் ஃபோகஸ் திருப்ப வேண்டும், ஓடுற குழந்தையிடம் அது நடக்காது. கேனான் 1500டி, 200டி வைத்திருப்பவர்கள் அறைக்குள் எடுக்க 24 எம்.எம். எஃப் 2.8 பான்கேக் பார்க்கலாம். வெளிச்சம் 35 எஃப் 1.8 அளவுக்கு வராது, ஆனால் அறை அடங்கும். திண்ணை, முற்றம் என்று இடம் இருப்பவர்களுக்கு 50 எஃப் 1.8 போதும். பழைய லென்ஸ் எதுவானாலும் டார்ச் அடித்துக் கண்ணாடிக்குள் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக, நான் 35-ஐக் கேட்பதற்குக் கணக்கில் வராத காரணம் ஒன்றும் உண்டு. ஜூம் இருந்தால் தெருமுனையில் நின்றே யார் வீட்டுக் குழந்தையையும் எடுத்துவிடலாம். யாரிடமும் பேச வேண்டாம், கேட்க வேண்டாம். 35 வைத்துக்கொண்டு அப்படி முடியாது. வீட்டுக்குள் போகணும், அம்மாவிடமும் டீச்சரிடமும் அனுமதி கேட்கணும், குழந்தையோடு அரை மணி நேரம் உட்காரணும். அது நல்லதுதான். அடுத்தவர் குழந்தையின் படத்தைக் கேட்காமல் இன்ஸ்டாவில் போடுவது நம் கிளப்பில் நடக்கவே கூடாது. முதல் பிரிண்ட் அம்மா கைக்குப் போகட்டும். போஸ்ட் பண்ணலாமா என்பதை அவர் சொல்லட்டும்.

வெள்ளிக்கிழமை கிளப் மீட்டிங்கில் ஓட்டெடுப்பு. அடுத்த முகாமும் அதே பக்கம்தான். அந்தப் பொண்ணு இன்னும் அங்கன்வாடிக்குத்தான் வருகிறாளாம், போன வருஷத்தைவிட வேகமாக ஓடுகிறாளாம். ஓட்டுப் போடும்போது அதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள், நண்பர்களே.