பற்றும் வரவும் எழுதிய ஒரு சுயசரிதை

மதம் மாறியவர்கள் எழுதும் புத்தகங்களுக்கு ஒரு பார்முலா உண்டு. முதலில் குடி, சூது, விரக்தி. நடுவில் ஓர் இரவு, ஒரு வெளிச்சம். அதற்கப்புறம் ஒரே ஆனந்தம்! நாலைந்து படித்தவருக்கு ஆறாவது புத்தகத்தின் கடைசிப் பக்கம் முன்கூட்டியே தெரிந்துவிடும். அந்த மதத்தைச் சேராதவர் இரண்டாவது அத்தியாயத்திலேயே மூடி வைத்துவிடுவார். சேர்ந்தவரோ, "நமக்கு மட்டும் ஏன் இப்படி எதுவும் நடக்கவில்லை?" என்று மனதுக்குள் நொந்துகொள்வார்.

இந்தப் பார்முலாவுக்குள் அடங்காத புத்தகம் ஒன்று மராத்தியில் இருக்கிறது. லக்ஷ்மிபாய் திலக் எழுதிய 'ஸ்மிருதி சித்ரே'. 1934 முதல் நான்கு பாகங்களாக வந்தது. சாந்தா கோகலேயின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2017-ல் வெளியானது. கிறிஸ்துவை நம்பிய ஒரு பெண்ணின் கதைதான். ஆனால் பிரசங்கம் கிடையாது. சிரிக்கச் சிரிக்கப் படிக்கலாம்.

லக்ஷ்மிபாய் பிறந்தது 1868-ல், ஆசாரமான பிராமணக் குடும்பத்தில். கடையிலிருந்து வரும் உப்பைக்கூடக் கழுவச் சொல்லும் தந்தை! பதினோரு வயதில் நாராயண் வாமன் திலக்குடன் கல்யாணம். (சுதந்திரப் போராட்டத் திலகர் வேறு, இவர் வேறு.) நாராயண் திலக் நல்ல கவிஞர். கோபக்காரர். கையில் இருக்கும் காசை யாருக்காவது கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருபவர். 1893-ல் ரயிலில் சந்தித்த ஓர் ஐரோப்பியர் அவருக்குப் புதிய ஏற்பாட்டைக் கொடுத்தார். 1895 பிப்ரவரியில் பம்பாயில் ஞானஸ்நானம் பெற்றுவிட்டார்.

வழக்கமான புத்தகம் என்றால் இங்கே மங்களம் பாடி முடித்திருக்கும். லக்ஷ்மிபாயின் புத்தகத்தில் நிஜமான கதையே இங்கேதான் சூடு பிடிக்கிறது.

கணக்குப் பாடத்தின் முதல் விதி எல்லோருக்கும் தெரியும். ஒரு பக்கம் வரவு என்றால் மறுபக்கம் பற்று இருந்தே ஆக வேண்டும். கணவருக்கு விசுவாசம் வரவு. பற்று எழுதப்பட்டது மனைவியின் பெயரில்! புருஷன் உயிரோடு இருக்கும்போதே வாழ்க்கை போனவளாக, சிறு மகனை வைத்துக்கொண்டு, உறவினர் வீடுகளில் நாலைந்து வருடம் அவர் ஒதுங்கிக் கிடந்தார். அழுகை, ஆத்திரம், ஊராரின் பேச்சு எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார். மதமாற்ற சாட்சிகளில் பெரும்பாலும் காணாமல் போகும் பக்கம் இதுதான். ஒருவர் கடவுளைக் கண்டுபிடித்ததற்கு வீட்டில் இன்னொருவர் என்ன விலை கொடுத்தார் என்று யார் எழுதுகிறார்கள்?

பிறகு கணவரோடு மறுபடி சேர்ந்தபோதும் அவர் உடனே மாறிவிடவில்லை. தனி அடுப்பு, தனித் தண்ணீர் என்று தன் ஆசாரத்தை விடாமல் பிடித்துக்கொண்டார். முதலில் உடைந்தது சாதி. சாதிகளைக் கடவுள் உண்டாக்கினாரா, மனிதன் உண்டாக்கினானா என்று தனக்குள்ளேயே கேட்டு, ஆண், பெண் என்ற இரண்டைத் தவிர வேறு சாதி இல்லை என்ற முடிவுக்கு வந்தார். பிறகுதான், 1900-ல், ஞானஸ்நானம். கணவர் போன வழி என்பதற்காக அல்ல, தானே யோசித்து நடந்த வழி. அதனால்தான் அந்த நம்பிக்கைக்கு ஒரு கனம் இருக்கிறது.

இந்தப் புத்தகம் இரண்டு கட்சிக்காரர்களையும் சங்கடப்படுத்தும். மதமாற்றம் என்றாலே ஆசை காட்டி இழுப்பது என்பவர்களுக்கு, வருடக்கணக்கில் எதிர்த்து நின்ற இந்தப் பெண் பதில் சொல்கிறார். அவருக்கு யாரும் எதையும் விலை பேசவில்லை. இருந்ததும் போனது என்பதுதான் உண்மை. (இவர் ஒருவர் கதையை வைத்து எல்லா மதமாற்றங்களுக்கும் தீர்ப்பு எழுதிவிட முடியாது, அது வேறு விஷயம்.) மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கும் இதில் ஏமாற்றமே. ஞானஸ்நானத்துக்குப் பிறகும் திலக்கின் கோபம் போகவில்லை, வீட்டில் காசும் தங்கவில்லை!

இப்படி வெளிப்படையாக எழுதினால் வெளியார் சிரிக்க மாட்டார்களா, விசுவாசத்துக்கு இழுக்கு இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. விஷயம் நேர்மாறானது. லாபத்தை மட்டும் காட்டி நஷ்டத்தை மறைக்கும் கம்பெனியின் அறிக்கையை யாராவது நம்புவார்களா? நஷ்டத்தையும் எழுதியவர் லாபம் என்று சொல்லும்போதுதான் காது கொடுத்துக் கேட்கத் தோன்றுகிறது. புருஷனின் குறைகளை இவ்வளவு போட்டு உடைத்த லக்ஷ்மிபாய், "ஆனாலும் கிடைத்தது பெரிது" என்ற தொனியில் பேசும்போது, நம்பிக்கையே இல்லாத வாசகர்கூட சட்டென்று சிரித்துத் தள்ளிவிட முடியாது.

ஒரு கடைசித் தகவல். 1919-ல் திலக் இறந்தபோது, இயேசுவின் வாழ்க்கையைப் பாடும் 'கிறிஸ்தாயன்' காவியம் ஆரம்பத்திலேயே நின்றுபோயிருந்தது. கணவரிடம் வீட்டிலேயே எழுத்துக் கற்ற அந்த மனைவி, 64 அத்தியாயங்கள் எழுதி அதை முடித்தார்.

எந்த மதத்தவரானாலும், எந்த மதமும் இல்லாதவரானாலும் சரி, ஒருமுறை படித்துப் பாருங்கள். படித்துவிட்டு ஒரு கேள்விக்கு மட்டும் பதில் யோசியுங்கள். உங்கள் நம்பிக்கைக்கோ அவநம்பிக்கைக்கோ உங்கள் வீட்டில் யார் பெயரில் பற்று எழுதியிருக்கிறது?